நான் பார்க்காத பூனை

பொறாமை வந்தால் எல்லாருக்கும் வயிறு எரியும் என்பார்கள். எனக்குக் காதுதான் சூடாகும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த அந்த வருஷங்களில், அதாவது ரெண்டாயிரத்துப் பத்து, பதினொன்று வாக்கில், என் காது ஆறியதாகவே நினைவில்லை. அதற்குக் காரணம் ஒருத்தி. என்னோடு ஒரே அறையில் இருந்தவள், ஒரே தட்டில் சாப்பிட்டவள், எனக்கு உடம்பு முடியாவிட்டால் என் துணியையும் சேர்த்துத் துவைத்துப் போடுகிறவள். நல்லவள் மேல் பொறாமைப்படுவதைப் போல ஒரு கஷ்டம் கிடையாது. மனசுக்குள் திட்டக்கூட ஒரு வார்த்தை கிடைக்காது.

நான் கோவில்பட்டிப் பக்கம், அவள் வந்தவாசிப் பக்கம். இரண்டு பேரும் ஒரே நாளில் கான்ட்ராக்டில் சேர்ந்தோம். பென்னலூரில் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு மாடியில் அறை எடுத்தோம். "ஏட்டி" என்று நான் கூப்பிட்டால் ஆரம்பத்தில் அவளுக்குக் கோபம் வரும். "இன்னாடி" என்று அவள் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். கொஞ்ச நாளில் இரண்டும் பழகிப் போயின.

எங்கள் வேலைக்கு விஷுவல் இன்ஸ்பெக்‌ஷன் என்று பெயர். பளீரென்ற வெள்ளை லைட்டுக்கு அடியில் உட்கார்ந்து, லைனில் வரும் செல்போன் மூடியை எடுத்து, சாய்த்து, திருப்பி, கீறல் இருக்கிறதா தூசி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஓரமாக வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அதை ஷிப்டு முழுக்கச் செய்துவிட்டு வெளியே வந்தால் ஆள் முகத்தில்கூட முதலில் மருவும் தழும்பும்தான் கண்ணில் படும். "உன் கண்ணுக்கு ஒண்ணும் தப்பாதும்மா" என்று சூப்பர்வைசரே சொல்லியிருக்கிறார். அந்தப் பெருமை எனக்கு உண்டு.

கம்பெனியில் ஆளை டேக்கை வைத்துத்தான் எடை போடுவார்கள். அடையாள அட்டை தொங்கும் ரிப்பன்தான் டேக். கான்ட்ராக்டுக்கு மஞ்சள், பெர்மனென்டுக்கு நீலம். ஓவர்டைம் பார்க்கச் சொல்லும்போது நீல டேக்கிடம் "இருக்க முடியுமாம்மா?" என்று கேட்பார்கள். மஞ்சள் டேக்கிடம் "இருந்துட்டுப் போ" என்பார்கள். எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாகத்தான் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். அவளுக்கு நீலம் வந்தது. எனக்கு வரவில்லை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த வீட்டுக்காரி பிள்ளை பெற்றாள் என்று அம்மிக் குழவியை எடுத்து அடிவயிற்றில் குத்திக்கொண்டவளின் கதையைச் சின்ன வயதில் கேட்டுச் சிரித்திருக்கிறேன். அன்றைக்கு அவளை நினைத்தால் பாவமாக இருந்தது.

கேமரா வாங்கியதே அந்த நீல டேக்கைக் கொண்டாடத்தான்.

"எனுக்கு பொடவல்லாம் வாணாம்டி" என்றாள். "கேமரா ஒண்ணு வாங்கலாம். ஏரில எம்மாம் பறவ வர்து! பாத்துக்கினே இருக்கலாம் போல கீது."

பாதிக் காசு நான் போட்டேன். அவள் வேண்டாம் என்றுதான் சொன்னாள். ஆனால் அவளுடைய கேமராவை நான் கேட்டு வாங்கும் நிலைமை வரக் கூடாது என்று எனக்கு வைராக்கியம். கையடக்கமானது, தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் இழுத்துக் காட்டும். பேட்டரியைக் கழற்றும்போதெல்லாம் அதன் தேதி அழிந்துபோய்ப் பழைய வருஷம் ஒன்றுக்குப் போய்விடும். நாங்களும் அதைச் சரிசெய்ய மெனக்கெடவில்லை.

கம்பெனிக்குள் கேமரா கொண்டுபோக முடியாது. கேட்டில் செக்யூரிட்டி, செல்போன் கேமராவின் மேலேயே ஸ்டிக்கர் ஒட்டித்தான் உள்ளே விடுவார். ஆளுக்கொரு ஷிப்டு என்பதால், எங்களில் யாருக்குக் காலை ஷிப்டோ, அந்த வாரம் விடியற்காலைக் கேமரா அவர் கையில். யூனிபார்ம் போட்டு, டேக் மாட்டி, பஸ் வருவதற்கு முன்னால் பின்பக்கமாக ஏரிக்கரைக்கு ஓட வேண்டும். நாலு படம் எடுத்துவிட்டு, திரும்ப ஓடிவந்து கேமராவை அறையில் வைத்துவிட்டு, ரோட்டுக்கு ஓட வேண்டும். டேக்கில் தொங்கும் அட்டை கேமராவில் இடித்துக்கொண்டே இருக்கும். அவள் டேக்கை முதுகுப் பக்கம் தூக்கிப் போட்டுக்கொள்வாள். நான் அதை இடது கையில் சுற்றிக்கொள்வேன்.

அங்கே ஒரு கோரைப் புதர். அதன் ஓரத்தில் தினமும் ஒரு மடையான் கொக்கு நிற்கும். நானும் அதை எடுப்பேன், அவளும் அதைத்தான் எடுப்பாள். வெளிச்சம் பத்தாமல் பாதிப் படம் கருப்பாகத்தான் வரும். 'நேற்று வந்ததைவிட நல்லா வந்திருக்கா?' என்று கேமராவின் சின்னத் திரையில் இரண்டு பேரும் தலையை முட்டிக்கொண்டு பார்ப்போம். சந்தோஷமாகத்தான் இருந்தோம், அதையும் சொல்ல வேண்டும்.

கேன்டீன் நோட்டீஸ் போர்டில் அந்த அறிவிப்பை முதலில் பார்த்தவள் நான். காஞ்சிபுரத்தில் இயற்கை ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து நம்ம ஏரிகளில் வாழும் உயிர்களைப் பற்றிப் புகைப்படக் கண்காட்சி வைக்கிறார்கள். தொழில்முறைக்காரர்கள் தவிர யாரும் கலந்துகொள்ளலாம், ஆளுக்கு ஒரு படம். வெளிச்சத்தைக் கூட்டலாம் குறைக்கலாம், ஓரத்தை வெட்டலாம், ஆனால் படத்தில் உள்ளதை மாற்றக் கூடாது. தேர்வான படத்துக்குக் கீழே எடுத்தவர் பெயரை அச்சடித்து வைப்பார்கள். எனக்கு அந்தக் கடைசி வரி போதுமாக இருந்தது. இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து என் பெயரை அட்டையில் தவிர வேறெங்கும் நான் பார்த்ததில்லை. ஒரு சுவரில், ஒரு நல்ல படத்துக்குக் கீழே என் பெயர் இருக்க வேண்டும். அவள் பெயர் பக்கத்தில் இல்லாமல் இருந்தால் இன்னும் விசேஷம்.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில், படங்களைத் திருத்தும் சாப்ட்வேர் போட்ட சிஸ்டம் இரண்டு இருந்தன. நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். நான் என் மீன்கொத்தியை எடுத்துக்கொண்டேன். கரண்ட் கம்பியில் உட்கார்ந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பார்க்கும் படம். நீலம் நீலமாக இருக்கும், அலகு சிவப்பாக இருக்கும். ஜெயிக்கும் என்றே முடிவு செய்திருந்தேன். கேமரா கார்டில் இருந்த எல்லாப் படத்தையும் அவளுடைய சிஸ்டத்தில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, "அந்தக் கருப்புப் படத்தையெல்லாம் அழிச்சிருட்டி, கார்டு நிறைஞ்சு கெடக்கு" என்றேன்.

"இருடி, பாத்துட்டு அழிக்கலாம்" என்றாள்.

நான் என் மீன்கொத்தியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாம் சரிதான், ஆனால் அந்தக் கம்பி. வெள்ளை வானத்தில் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் கருப்பாக ஒரு கோடு. எனக்கு அது கோடாகவே தெரியவில்லை, கீறலாகத் தெரிந்தது. மூடியில் இப்படி ஒரு கீறல் இருந்தால் யோசிக்காமல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பேன். என்ன செய்யலாம் என்று முழித்துக்கொண்டிருந்தபோது தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தினாள்.

"ஏய், இங்க வாடி! கோரைக்குள்ள இன்னாவோ கீது!"

எட்டிப் பார்த்தேன். திரை முழுக்க ஒரு முகம். கோரைத் தாள்களுக்கு நடுவே இரண்டு காதுகள், நுனியில் கருப்பு மயிர். கீழே இரண்டு கண்கள், நேராக என்னைப் பார்த்தபடி. காட்டுப்பூனை. இந்த ஏரியில் பூனை உண்டு என்று கீழ்வீட்டு அக்கா சொல்லியிருக்கிறாள், நாங்கள் நம்பியதில்லை. கருப்புப் படம் ஒன்றில் மூலை மூலையாகத் தேடி, அந்த இடத்தை மட்டும் வெட்டியெடுத்து, வெளிச்சத்தைக் கூட்டியிருக்கிறாள்.

"நானு மடையான எடுத்தன்னிக்கு வந்து பின்னால குந்திகினு இருந்துகீது பாரேன். எனுக்குத் தெரியவே இல்லடி!" என்று குதித்தாள். "நல்லா கீதா?"

காது இரண்டும் தீயாக எரிந்தன. "புள்ளி புள்ளியா இருக்கு" என்றேன்.

"இருட்டுல எடுத்தா அப்டித்தான் இருக்கும், உடு" என்று சிரித்துவிட்டாள்.

என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். நீல டேக்கும் அவளுக்கு, பூனையும் அவளுக்கா? அந்த ஆத்திரத்தில் மீன்கொத்தியைப் பிடித்தேன். கம்பியை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை துளித் துளியாக வானத்தைப் பூசி அழித்தேன். வாலில் ஒட்டிக்கொண்டிருந்த தூசியை எடுத்தேன். அலகில் இருந்த ஒரு வெள்ளைப் புள்ளியை எடுத்தேன். முடித்துப் பார்த்தால் லைனில் எல்லா செக்கிங்கும் தாண்டிப் பேக்கிங்குக்குப் போகிற மூடி மாதிரி மொழுமொழுவென்று இருந்தது. எனக்கு மனசு நிறைந்தது. இரண்டையும் பிரின்ட் போட்டு, ஒரே கவரில் வைத்து, என் போன் நம்பரை எழுதி அனுப்பினோம்.

அவள் பூனையை இன்னொரு பிரின்ட் போட்டு ஸ்டவ்வுக்கு மேல் சுவரில் ஒட்டிவைத்தாள். நான் தோசை ஊற்றும்போதெல்லாம் அது என்னையே பார்க்கும். அந்த நாட்களில் என் கையில் தோசை சரியாக வந்ததே இல்லை. அவள் ஷிப்டுக்குப் போன பிறகு தனியாக நின்று அதைக் குறை கண்டுபிடிக்கப் பார்ப்பேன். வேலையே அதுதானே எனக்கு. ஒரு காது லேசாக மங்கல், அவ்வளவுதான். மற்றபடி அது என் மீன்கொத்தியைவிட நல்ல படம். அது எனக்குத் தெரிந்திருந்தது, அதனால்தான் தோசை கருகியது.

ஒரு வாரம் கழித்துக் கண்காட்சிக்காரர் ஒருவர் போன் செய்தார். ஒரே இடத்திலிருந்து வந்த இரண்டு படத்தையும் பார்த்தார்களாம். மீன்கொத்தி ஒட்டு வேலை மாதிரி தெரிகிறதாம். கூட வந்த பூனைமேலும் சந்தேகமாக இருக்கிறதாம். "கேமராவுல இருந்த அசல் படத்தோட ஞாயித்துக்கிழமை நேர்ல வந்துடுங்கம்மா" என்றார்.

அவளிடம் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. "என் பூனையயும் ஒட்டு வேலன்னு தள்ளிடுவாங்களாடி?" என்று பஸ்ஸில் போகும்போதும் கேட்டுக்கொண்டே வந்தாள். தள்ளமாட்டார்கள் என்று சொன்னேன். சொல்லும்போது காது கொஞ்சம் குளிர்ந்ததை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக்கூட ஹால். பெஞ்சுகளை ஓரமாக ஒதுக்கிப் படங்களைத் தரையில் பரப்பி வைத்திருந்தார்கள். போனில் பேசியவர் கண்ணாடி போட்ட, சாந்தமான மனிதர். லேப்டாப்பில் கார்டைப் போட்டார். முதலில் என் மீன்கொத்தியின் அசல் வந்தது. அதற்குப் பக்கத்தில் நான் அனுப்பியதை வைத்தார்.

"ஏம்மா, இது எதும்மேல உக்காந்திருக்கு?"

"கம்பியில சார்."

"கம்பி எங்க?"

"கீறல் மாதிரி இருந்துச்சு சார். எடுத்துட்டேன்."

ஹாலில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் அதுவரை கவனிக்கவே இல்லை. காலை மடக்கிக்கொண்டு, ஒன்றுமில்லாத ஆகாயத்தில் சேரில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தது என் மீன்கொத்தி. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

"உள்ளதை எடுக்கக் கூடாதும்மா. இது ஆகாது" என்றார் அவர். "அந்தப் பூனை படம் எது?"

அவள் காட்டினாள். கருப்பாக ஒரு படம். "இதுலயா பூனை இருக்கு?" என்று வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். கோரை தெரிந்தது. நடுவில் மடையான் தெரிந்தது. வலது ஓரத்தில், கொட்டைப்பாக்கு அளவுக்கு, பூனை தெரிந்தது. "அட, இருக்கே!" என்று அவர் முகம் மலர்ந்தது. அவள் மூச்சு விட்டாள்.

அதே நேரம் கீழே இடது மூலையில் இன்னொன்றும் வெளுத்துக்கொண்டு வந்தது. மங்கலாக, பட்டையாக, மஞ்சளாக.

"இது என்னம்மா, விரலா?" என்றார்.

அவள் பூனையை மட்டும் வெட்டியெடுத்துவிட்டுப் பிறகுதான் வெளிச்சம் கூட்டியிருந்தாள். அதனால் அந்த மூலையை இரண்டு பேரும் அதுவரை பார்த்ததில்லை. எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. என் இடது கையில் சுற்றிய டேக். என் மஞ்சள். ஒரு வாரமாக என் தோசையைக் கருக்கிய பூனை, நான் எடுத்த பூனை. என்னுடைய படத்தைப் பார்த்துத்தான் நான் வெந்து செத்திருக்கிறேன். ஹாலே அதிரும்படி 'அது என் டேக்!' என்று கத்த வாயைத் திறந்தேன். இத்தனை நாள் சேர்த்துவைத்த எல்லாவற்றையும் சேர்த்துக் கத்தியிருப்பேன்.

"டேக் சார் அது" என்றாள் அவள், எனக்கு முன்னால். "கம்பெனி டேக். மஞ்ச டேக்கு இவளுது. எனுக்கு நீலம். கேமரா வாங்கறதுக்கு முன்னயே எனுக்கு நீலம் வந்துட்சி. அப்போ படம் இவ எடுத்தது சார். நானு எடுத்ததுன்னு நெனச்சிட்டேன்."

திறந்த வாய் திறந்தபடி நின்றேன். சண்டை போட ஒரே ஒரு தடவை எனக்கு நியாயம் கிடைத்தது. அதையும் அவளே பிடுங்கிக்கொண்டாள்.

கண்ணாடிக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பூனையை என் பெயரில் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். "உனக்கு வேற படம் ஏதாவது இருக்காம்மா?" என்று அவளைக் கேட்டார். அவள் கார்டை மேலும் கீழுமாகத் தள்ளிப் பார்த்தாள். எல்லாம் மடையான். "பரவால்ல சார்" என்றாள். சொல்லிவிட்டு மறுபடியும் முதல் படத்திலிருந்து தள்ளிப் பார்த்தாள். அவளுக்கும் சுவரில் பெயர் வர வேண்டும் என்று ஆசை இருந்திருக்கிறது. அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை.

திரும்பப் பஸ் ஏறினோம். சுங்குவார்சத்திரம் தாண்டியதும் நான்தான் கேட்டேன்: "நீ சொல்லாம இருந்திருக்கலாம்லாட்டி? அவருக்கு என்ன தெரியும்?"

"அவருக்குத் தெரியாது. எனுக்கே மொதல்ல தெரியல" என்றாள். "திரும்பி உன் காதப் பாத்தேன். செவசெவன்னு ஆயிட்சி. அப்பறந்தான் புரிஞ்சிது."

"என் காதா?"

"எனுக்கு நீல டேக் குடுத்தன்னிக்கும் அப்டித்தான் இருந்துச்சி. பூனையக் காட்டனப்பவும் அப்டித்தான் இருந்துச்சி. எனுக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?" என்று என் காதைப் பிடித்துத் திருகினாள்.

தலையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. எல்லாம் தெரிந்துகொண்டேதான் என் துணியைத் துவைத்துப் போட்டிருக்கிறாள்.

கண்காட்சியில் பூனை நடுச் சுவரில் தொங்கியது. கீழே என் பெயர், பிழையில்லாமல். அவள் வெட்டிக் கொடுத்த அதே அளவில்தான் மாட்டியிருந்தார்கள். பார்க்க வந்தவர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "அந்த இருட்டுல எப்படிம்மா கண்டுபிடிச்சே?" என்று ஒரு அம்மா கேட்டாள். "நான் மடையானைத்தான் எடுத்தேன்" என்றேன். அடக்கத்தில் சொல்கிறேன் என்று நினைத்து எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்தில் நின்றவள், "அவ கண்ணு அப்டிங்க, ஒரு தூசி தப்பாது" என்றாள். கிண்டலாகச் சொல்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவே சொன்னாள். என் பெயருக்குக் கீழே நின்றுகொண்டு எனக்குக் காது கொதித்தது.

கண்காட்சி முடிந்ததும் பெரிய பிரின்ட்டை எனக்கே கொடுத்துவிட்டார்கள். அவள் தனக்கு ஒன்றே ஒன்று வேண்டும் என்றாள், வெட்டாத முழுப் படம். பிரவுசிங் சென்டரில் வெளிச்சம் கூட்டிப் பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன்.

எனக்கு நீலம் கடைசிவரை வரவில்லை. வேறு கம்பெனிக்குப் போனேன், அங்கேயும் லைட்டுக்கு அடியில் கீறல் பார்க்கும் வேலைதான். அவளுக்குக் கல்யாணமாகி, மாப்பிள்ளை ஒரகடத்தில் வேலை என்பதால் சேரப்பணஞ்சேரியில் வீடு எடுத்தார்கள். லீவு நாளில் போவேன். அவள் வீட்டுக் கூடத்தில் அந்த முழுப் படம் மாட்டியிருக்கிறது. பெரும்பாலும் இருட்டு, நடுவில் மடையான், மூலையில் மங்கலாக என் மஞ்சள் டேக். ஒவ்வொரு தடவையும் காபி வருவதற்குள் அதன் முன்னால் போய் நிற்பேன். எடுத்தவள் நான், என் பெயரில் தொங்கிய படம். அப்படியும் எனக்கு அந்தக் கோரைக்குள் பூனை எங்கே என்று சட்டென்று தெரிவதில்லை. தேடிக்கொண்டே நிற்பேன்.

அவள் சமையல்கட்டிலிருந்து டம்ளரோடு வருவாள். படத்தைச் சரியாகப் பார்க்கக்கூட மாட்டாள். போகிற போக்கில் ஒரு விரலை வைத்து, "இங்க கீது பாருடி" என்பாள்.